மூன்றாம் குடிலுக்கு ஒரு பதிவு

டனீடினிலிருந்து ஒருத்தி கேட்டு எழுதியிருக்கிறாள்:
உங்கள் கரையில் அலை சத்தம் போடுமா?
போன வருடம் வேறேதோ தீவுக்குப் போய்
தூக்கம் கெட்டுத் திரும்பினாளாம்.
இந்த ஜூலைக்கு
வாயடக்கமான கடலாகப் பார்க்கிறாள்.

தூரத்தில் பவளத்திட்டு இருக்கிறது,
அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடும்,
கரைக்கு வருவது முணுமுணுப்புதான்
என்று பதில் எழுதினேன்.
சேவலைப் பற்றி எழுதவில்லை.

சவாயீயின் வடகரையில் எனக்கு ஐந்து குடில்கள்.
சுவர் கிடையாது. மழை வந்தால் இறக்க ஓலைத்தட்டி,
ஒரு மெத்தை, ஒரு கொசுவலை,
காலில் ஒட்டிய மணலைக் கழுவ
வாசலில் ஒரு வாளித் தண்ணீர்.
பதினேழு வருடமாக
அடுத்தவர் ஓய்வுக்குத் திட்டம் போடுகிறேன்.
உபோலுவிலிருந்து எந்தப் படகு,
ஞாயிறன்று ஏன் பேருந்து ஓடாது,
மாலையில் சங்கு ஊதியதும்
ஊரே ஏன் ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடும்,
ஜெல்லிமீன் உண்டா, நிழல் உண்டா,
படிக்க வெளிச்சம் போதுமா.
சும்மா இருக்க வருகிறவர்களுக்கு
எத்தனை கேள்விகள்!

நேற்று கோழிகளுக்குத் தேங்காய் துருவும்போதுதான்
உறைத்தது:
இந்த மணலில் நான் படுத்ததே இல்லை.
பெருக்கியிருக்கிறேன்.
யாரோ தொலைத்த மோதிரத்துக்காக
ஒரு பகல் முழுக்கச் சலித்திருக்கிறேன்.
சின்ன வயதில் உருண்டிருப்பேன்,
அது கணக்கில் வராது.

பிப்ரவரி இரண்டாம் வாரம்.
சூறாவளிக்குப் பயந்து ஒருவரும் வராத வாரம்.
பதிவு நோட்டில், மூன்றாம் குடிலுக்கு நேராக
எழுதினேன்:
வாவோசா, ஒரு ஆள், நான்கு இரவு.
'எங்கிருந்து' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் தயங்கியது.
சமையலறை என்று எழுதினேன்.

பெனி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
முப்பது தப்படி தூரம்,
பெட்டி வேறு கட்டுவாயா?
கட்டுவேன்.
அந்தப் பச்சைப் பூப்போட்ட துணி,
சீப்பு, வலிக்குத் தேய்க்கும் எண்ணெய்,
அப்புறம்?
அப்புறம் ஒன்றும் தோன்றவில்லை.
ஓய்வுக்கு என்னென்ன எடுத்துப்போவார்கள் என்று
விருந்தாளிகளின் பைகளை
ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

நாத்தனார் திரேசாவிடம் கூலி பேசினேன்.
காலையில் கொக்கோ, பப்பாளி,
மத்தியானம் சுட்ட ஈரப்பலா,
நான் எழுந்த பிறகு படுக்கையை அவள் உதற வேண்டும்.
அறுபது தாலா என்றேன், எண்பது என்றாள்.
'விருந்தாளி விருந்தாளியாக இருக்கணும்.
அடுப்பங்கரைக்கு வந்து உப்புப் பார்த்தால்
நூறு.'

பிப்ரவரிக்கு இன்னும் ஐந்து மாதம்.
பொறுக்கவில்லை.
எதற்கும் ஓர் ஒத்திகை என்று
நேற்று ராத்திரி மூன்றாம் குடிலில் போய்ப் படுத்தேன்.

மெத்தை இடப்பக்கம் பள்ளம்.
கொசுவலையில் விரல் நுழையும் ஓட்டை.
புரண்டு படுத்தால்
கண்ணுக்கு நேராக ஒரு மஞ்சள் வெளிச்சம்.

ஹனோவர்க்காரி உல்ரிக் போகும்போது
நோட்டில் எழுதிவிட்டுப் போனாள்:
எல்லாம் அருமை,
இரவில் மட்டும் ஒரு விளக்கு தூங்கவிடவில்லை.
எவ்வளவு இருட்டுதான் வேண்டுமாம் இவளுக்கு
என்று அன்று முகத்தைச் சுளித்தேன்.

என் சமையலறை பல்பு அது.
அதன் கீழே பாத்திரத் தொட்டி.
தொட்டிக்கு முன்னால்
நான் நிற்கும் இடம் காலியாக இருந்தது.
இங்கிருந்து பார்க்க
யாரோ இப்போதுதான் நகர்ந்து போன மாதிரி.
எழுந்து போக வேண்டும் போலிருந்தது.
காலை மணலில் வைத்துக்கூட விட்டேன்.

பெனி, விளக்கை அணை! என்று கத்தினேன்.
யாரது, விருந்தாளியா?
ஆமாம்.

அணைந்தது.
கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது,
காது பழக இன்னும் கொஞ்சம்.
திட்டில் உடைந்தது உடைந்தபடியே
பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது,
இத்தனை வருடமும்
பாத்திரச் சத்தத்தில் நான் கேட்காதது.

காலையில் டனீடினுக்குத் திருத்தி எழுத வேண்டும்.